பதினோராம் பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.11.2024

அன்புத் தம்பி பாண்டிதுரைக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உன் மூக்கு நுனி இன்னும் இருக்கிறதா, பனி தின்றுவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற உன் ஐந்து நிமிடப் போனில் நாலரை நிமிடம் அம்மா அழுதுவிடுகிறாள். எனக்கு மிச்சம் 'சரி வை' மட்டும்தான். அதனால் நமக்குக் கடிதமே மேல்.

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் பெரிய டாக்டர் பெலிக்ஸ் என்னைக் கூப்பிட்டு, "வருஷா வருஷம் புதுசா வர்ற டூட்டி டாக்டருங்க புத்தகத்துல இல்லாததையெல்லாம் பேஷண்ட் உடம்புலதான் படிக்கிறாங்க. நீ வந்து மூணு வருஷம் ஆச்சு. பட்டதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைம்மா" என்றார். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பத்துக்கு நாலு வாங்கினவள் நான். இருந்தாலும் ஆசையாகத்தான் இருக்கிறது.

முதல் பத்துப் பக்கத்தைப் படி எடுத்து அனுப்புகிறேன். நீயும் ராணுவத்தில் ஊசி போடுகிற நர்சிங் அசிஸ்டென்ட்தானே, படித்துப் பார்த்துச் சொல். நரம்பில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடும்போது நின்றுகொண்டு குத்தாதே, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். நரம்பைக் கண்ணால் தேடாதே, விரலால் தேடு. இரண்டு தடவை தவறினால் மூன்றாவதற்கு வேறு கையைக் கூப்பிடு, அது உன் மானப் பிரச்சினை இல்லை. இப்படியெல்லாம் போகிறது.

பதினோராம் பக்கத்திலிருந்து ரத்த சாம்பிள் எடுப்பது. அதையும் எழுதி முடித்துவிட்டேன், அடுத்த தபாலில் வரும். அந்தப் பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே ஒரு கேள்வியைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறேன் என்றால் என் திமிரைப் பார்த்துக்கொள்.

காதை மூடிக்கொண்டு தூங்கு. வெந்நீர் குடி.

உன் அக்கா,
நாகஜோதி

*

முகாமிலிருந்து
24.11.2024

அருமை அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மூக்கு இருக்கிறது, காதும் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லவும். நேற்று ஒரு பேண்டேஜ் கட்டைப் பிரித்தால் நம் ராசபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியின் பேர் அச்சடித்திருந்தது. அங்கே வேலை பார்த்தபோது அம்மா மடித்த துணியாக இருக்குமோ என்று முகர்ந்து பார்த்தேன். டெட்டால் வாடைதான் வந்தது.

உன் பத்துப் பக்கமும் இங்கே பிரமாதமாக வேலை செய்கிறது. இந்தக் குளிரில் நரம்பெல்லாம் உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். கையுறைக்குள் வெந்நீர் நிரப்பிக் கையில் வைத்துவிட்டு, நீ சொன்னபடி விரலால் தேடினேன். ஒரே குத்து. 'யாருலே சொல்லிக் கொடுத்தா' என்றார்கள். என் அக்கா என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

ஒரு முக்கியமான விஷயம். என் கூடாரத்தில் இருக்கும் ஹவில்தார் தங்கச்சாமி அண்ணன் கான்சாபுரத்துக்காரர். எனக்கு இங்கே இன்னொரு அம்மா மாதிரி, பனியை உருக்கி ரசம் வைத்துக் கொடுக்கிறவர். அவருடைய அப்பா பால்ச்சாமி உங்கள் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் சேர்ந்திருக்கிறார், பதினான்காம் கட்டில். குடல் புண்ணில் ரத்தம் போய் ஆள் வெளுத்துவிட்டாராம். அவரும் பழைய பட்டாளத்துக்காரர். வெள்ளிக்கிழமை போனில் அம்மாவிடம் சொன்னேனே, பார்த்துவிட்டாய்தானே?

"உங்க அக்கா இருக்காகல்ல, பொறவு எனக்கு என்ன கவலை" என்று அண்ணன் இரண்டு நாளாக நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். எனக்குத்தான் தூக்கம் போச்சு.

பதினோராம் பக்கத்துக்குக் காத்திருக்கிறேன்.

உன் தம்பி,
பாண்டிதுரை

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவுக்கு இருமல் இருந்தது, இப்போது தேவலை.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வார்டில் வேலை அதிகம்.

தங்கச்சாமி அண்ணனின் அப்பா டிசம்பர் முதல் தேதி மதுரையில் தவறிவிட்டது அங்கே தெரிந்திருக்கும். அண்ணனும் லீவில் வந்துவிட்டுப் போயிருப்பார். நான் பெரியவரை வார்டில் பார்க்கப் போனேன். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

நோட்டின் அடுத்த பகுதி இத்துடன் இருக்கிறது. மூத்திரக் குழாய் போடுவது, காயம் தைப்பது, மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது சீட்டில் என்ன எழுதுவது எல்லாம் இருக்கிறது. உனக்கு உபயோகப்படும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நாகஜோதி

*

முகாமிலிருந்து
19.1.2025

அருமை அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். அம்மாவின் இருமல் நின்றதா? பொங்கலுக்கு இங்கே பால் பவுடரில் பொங்கல். குக்கர் மட்டும் பொங்கியது.

தங்கச்சாமி அண்ணன் திரும்பி வந்துவிட்டார். முதல் இரண்டு நாள் கூடாரத்துப் பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் உன்னைப் பற்றித்தான் பேசினார். "உங்க அக்கா மூணு தடவ வந்து பக்கத்துல நின்னாகளாம்லே. மதுரைக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்போ அப்பா கையப் பிடிச்சிக்கிட்டே இருந்தாகளாம். எங்கம்மா சொன்னா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உனக்கென்று ஒரு டப்பா உலர்ந்த ஆப்ரிகாட் பழம் கொடுத்திருக்கிறார். லீவில் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததையும் அவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு தாளைப் படித்துக் காட்டினார்களாம். அடுத்த கட்டில்காரர் வைகுண்டராஜ், வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டிக்காரர். அவர் பொண்டாட்டி வேலுத்தாய், ரத்தம் எடுக்க வந்தபோது தன் புருஷனைப் பால்ச்சாமி என்று காட்டிவிட்டாளாம். வைகுண்டராஜ் ரத்தத்தைச் சோதித்து, அதற்குச் சேர்கிற ரத்தத்தைப் பால்ச்சாமிக்கு ஏற்ற, அது அவருக்குச் சேராமல் போய்விட்டது. 'உறவினர் தவறாக அடையாளம் காட்டியதால்' என்று எழுதி, அந்தம்மா கைநாட்டும் வைத்திருக்கிறாள்.

எப்பேர்ப்பட்ட பொம்பளை அக்கா! சொந்தப் புருஷனை அடையாளம் காட்டத் தெரியாதவளும் ஊரில் இருக்கிறாளா? தங்கச்சாமி அண்ணனின் அம்மா இருளம்மாள் நேரே புதுப்பட்டிக்குப் போய் அவள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருக்கிறாராம். செய்யட்டும், எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்று. உன் நோட்டில் பத்தாம் பக்கத்துக்குப் பிறகு பதினைந்து வருகிறது. நடுவில் நாலு பக்கத்தைக் காணோமே? உனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அதுதானே?

உன் தம்பி,
பாண்டிதுரை

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம். பழ டப்பா வந்து சேர்ந்தது. பீரோவில் வைத்திருக்கிறேன். அம்மா ஒன்று எடுக்கப் போனாள், வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன். பாவம், முகம் வாடிப்போய்விட்டது.

வேலுத்தாயைப் பற்றி அப்படி எழுதாதே. நான் அவளைப் போன வாரம் ஓ.பி.யில் பார்த்தேன். புருஷனுக்கு இளைப்பு மருந்து வாங்க வந்திருந்தாள். சீட்டு எழுதுகிற பெண் நிமிர்ந்து பார்ப்பதற்குள், "வைகுண்டராஜ்! எம் புருஷன் பேரு வைகுண்டராஜ்! வயசு அறுவத்தி மூணு!" என்று கத்தினாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலிலும் அதேபோல் கத்தினாள். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டாலும் புருஷன் பேரைச் சொல்கிறாளாம். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் நிற்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சம்பவம்வரை ஒருதடவைகூட அந்தப் பேரை வாயால் சொல்லாதவள் அவள்.

நோட்டின் அடுத்த பகுதி, உறவினர்களிடம் துக்கச் செய்தி சொல்வது எப்படி என்பது. நின்றுகொண்டு சொல்லாதே, உட்கார். சுற்றி வளைக்காதே. நடந்ததை நடந்தபடி சொல். இவ்வளவையும் நான்தான் எழுதினேன்.

பக்கம் விட்டுப்போனது பற்றிக் கேட்டிருந்தாய். படி எடுக்கும்போது தவறியிருக்கும்.

குளிர் குறைந்ததா?

நாகஜோதி

*

முகாமிலிருந்து
26.2.2025

அக்கா,

சுகம். நீ சுகமில்லை என்று தெரிகிறது.

அந்தம்மா புருஷன் பேரையே சொல்லாதவள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் 'இவர்தான் பால்ச்சாமி' என்று எப்படிச் சொல்லியிருப்பாள்? நேற்று முழுக்க இதையே யோசித்தேன். தங்கச்சாமி அண்ணன் ரசத்தை நீட்டினார், குடிக்க மறந்துவிட்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தத் தாளில் ரத்தம் எடுத்தவர் பேரே இல்லையாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு ரத்தம் எடுத்தது யார்?

பாண்டிதுரை

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
18.3.2025

தம்பி,

நான்தான்.

இந்த ஒரு வார்த்தையை எழுத நாலு மாதம் ஆகியிருக்கிறது. இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நவம்பர் 23, சனிக்கிழமை. எனக்கு அன்று பெண்கள் வார்டு. முந்தின நாள்தான் அம்மா நீ சொன்னதைச் சொல்லியிருந்தாள். மதியம் ஆண்கள் வார்டு டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் அங்கே போனேன். பால்ச்சாமிக்கு ரத்தம் ஏற்றச் சொல்லி எழுதியிருந்தது, சாம்பிள் இன்னும் எடுக்கவில்லை. நாமே எடுத்துக் கொடுத்தால் சீக்கிரம் ரத்தம் வரும், தம்பி சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அது என் வார்டு இல்லை, என் வேலை இல்லை. வேண்டியவர் என்பதற்காகச் செய்தேன். ரொம்ப நல்லவளாக இருக்கிறோம் என்ற நினைப்பில் இருந்தேன்.

பதினான்காம் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். கீழே ஒரு அம்மா. "பெரியவர் பேரு என்னம்மா?" என்று கேட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டைக் கையால் காட்டி, "அதுல எழுதியிருக்குல்ல தாயீ" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஷீட்டில் பால்ச்சாமி என்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டேன், எழுதிக்கொண்டேன், எடுத்துக்கொண்டேன்.

அவள் வேலுத்தாய். கட்டிலில் இருந்தவர் வைகுண்டராஜ். அன்று காலை அவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. பதினான்காம் கட்டிலுக்கு மேலேதான் மின்விசிறி. "ஏலே, நீ இங்க வந்து படு, எனக்குக் குளுந்தாப்புலதான் இருக்கு" என்று பால்ச்சாமி தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு அடுத்ததுக்கு மாறிக்கொண்டார். ஆட்கள் மாறினார்கள், ஷீட்டுகள் மாறவில்லை.

வைகுண்டராஜ் விழித்துத்தான் இருந்தார் தம்பி. கண்ணைத் திறந்துகொண்டு கையை நீட்டினார். 'ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க' என்று கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு கேள்வியைத்தான் நாலு பக்கம் எழுதியிருந்தேன். 'பேரை நீ சொல்லி அவர்களைத் தலையாட்ட வைக்காதே. ஷீட்டைப் பார்த்து நம்பாதே. வாய் பேசுகிறவரானால் அவர் வாயாலேயே சொல்லவை' என்று எழுதி இருபதே நாள் ஆகியிருந்தது. நம் ஊர்ப்பக்கம் வயதான பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாதா? நம் அம்மா சொல்வாளா?

இன்னும் இருக்கிறது. ஊசியை எடுத்துவிட்டு நான் திரும்பியபோது அடுத்த கட்டிலிலிருந்து ஒரு பெரியவர், "டாக்டரம்மா, நீங்க ராசபாளையமா?" என்று கேட்டார். மகன் சொல்லியிருப்பார், ராசபாளையத்து டாக்டரம்மா வந்து பார்க்கும் என்று. நான் யாரைத் தேடி வந்தேனோ அவரே என்னைக் கூப்பிட்டார். "ஆமாய்யா, செத்த நேரம் இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு சாம்பிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பால்ச்சாமிக்கு அவசரமாயிற்றே.

சாயங்காலம் ரத்தம் ஏற்றினார்கள். நர்ஸ் பேர் கேட்டுத்தான் ஏற்றினாள். பையிலும் பால்ச்சாமி, ஆளும் பால்ச்சாமி. அவளிடம் ஒரு குற்றமும் இல்லை. கால் மணி நேரத்தில் இடுப்பு வலி, நடுக்கம். உடனே நிறுத்தினார்கள். சேதி கேட்டு நான் ஓடினேன். என்னைப் பார்த்ததும் அந்த நடுக்கத்திலும், "வாரேன்னு சொல்லிட்டுப் போனீக, வந்துட்டீகளே" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். அப்போதுதான் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் சிறுநீரகம் நின்றுவிட்டது. மதுரைக்கு அனுப்பி எட்டாம் நாள் எல்லாம் முடிந்தது.

ரத்தம் ஏற்றிய அன்றே பெலிக்ஸ் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "உன் பேர் இதுல வேண்டாம்மா. நல்ல கை உனக்கு, வாழ்க்கை இருக்கு. பெட்டை மாத்தினது அவங்க, காட்டினது அந்தம்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலுத்தாய் கைநாட்டு வைக்கும்போது மை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

உன் அண்ணனின் பழத்தை எப்படித் தின்பேன்?

பதினோராம் பக்கம் முதல் பதினான்குவரை கிழித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன், பழ டப்பாவுக்குக் கீழே.

நாகஜோதி

*

முகாமிலிருந்து
20.4.2025

அக்காவுக்கு,

உடம்பு சுகம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. நாலுதடவை எழுதிக் கிழித்தேன். உன்னைத் திட்டியும் எழுதினேன், தேற்றியும் எழுதினேன். இரண்டும் பொய்யாக இருந்தது.

'அவரைப் பார்த்துக்கொள்' என்று சொன்னது நான். சொல்லாமல் இருந்திருந்தால் ஆண்கள் வார்டு டாக்டர் சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாக எடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. தங்கச்சாமி அண்ணன் ரசம் ஊற்றும்போது என் கை டம்ளரை நீட்டமாட்டேன் என்கிறது. வயிறு சரியில்லை என்றேன். வெந்நீரில் ஓமம் போட்டுக் கொண்டுவந்து தருகிறார் அக்கா. எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

நான் அவரிடம் சொல்லப்போவதில்லை. அது என் வாயிலிருந்து வரக்கூடாது. நீ எழுது, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் போகவேண்டிய இடம் புதுப்பட்டி என்று நினைக்கிறேன். உன் நோட்டிலேயே இருக்கிறது, நின்றுகொண்டு சொல்லாதே, உட்கார்.

எது வந்தாலும் நான் உன் தம்பிதான். அதில் மாற்றமில்லை.

பாண்டிதுரை

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
4.5.2025

அன்புத் தம்பிக்கு,

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "போயிட்டு வா. சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அதனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

வத்திராயிருப்பு பஸ்ஸில் போய் புதுப்பட்டியில் இறங்கினேன். வேலுத்தாய் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வைகுண்டராஜ் உள்ள இருக்காக" என்றாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன்.

அவள் நம்பவில்லை. "எம் மேல எரக்கப்பட்டுச் சொல்லுதீக டாக்டரம்மா. படிச்ச புள்ள தப்புப் பண்ணுமா? காட்டுனது இந்தக் கைதான்" என்று கையை நீட்டினாள். வைகுண்டராஜ் உள்ளேயிருந்து வந்து, "நானும் முழிச்சுத்தான இருந்தேன். ஊசிதானேன்னு சும்மா இருந்துட்டேன்" என்றார். ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. "கேட்க வேண்டியது என் வேலை. நீங்க சொல்லாதது குத்தமில்ல, நான் கேக்காதது குத்தம்" என்றேன். மை டப்பாவைப் பிடித்ததையும் சொன்னேன்.

அப்போதுதான் அவளுக்கு ஏறியது. முகம் மாறிவிட்டது. "அன்னைக்கே சொல்லியிருந்தா என்னத்தா? அஞ்சு மாசம்! அந்தம்மா வந்து வாரிப் போட்ட மண்ணு, பாரு, அந்தா கெடக்கு. நான் கூட்டித் தள்ளல. எனக்குள்ளதுதானன்னு விட்டு வச்சிருக்கேன். ஊர்ல ஒருத்தி எம் வாசலை மிதிக்கல" என்று கத்தினாள். பார்த்தேன். வாசல்படியின் ஓரத்தில் அந்த மண் அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் கூட்டிச் சாணி தெளித்திருந்தது. அவள் திட்டத் திட்ட எனக்கு மூச்சு சீராக வந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதே.

அங்கிருந்து கான்சாபுரம். இருளம்மாள் என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டார். நான் வாசலிலேயே உட்கார்ந்து சொன்னேன். முழுவதையும் கேட்டார். "நீதான் எடுத்தியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசி பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன், அந்த அறிக்கையைத் திருத்தவேண்டும், ரத்தம் எடுத்தது நான் என்று. பெலிக்ஸ் டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "எனக்கும் சேத்துத்தான் எழுதணும் நீ" என்றார். அவரும் தன் பங்குக்கு ஒரு தாள் எழுதினார். விசாரணை முடியும்வரை எனக்கு வார்டு கிடையாது. ஓ.பி.யில் சீட்டுப் பதியும் மேஜை. டாக்டராக வேலை பார்ப்பதற்கான ரெஜிஸ்ட்ரேஷனே போனாலும் போகலாம்.

இத்துடன் தங்கச்சாமி அண்ணனுக்கு ஒரு கடிதம். ஒட்டவில்லை, நீ படித்துவிட்டுக் கொடு. பதினொன்று முதல் பதினான்குவரை புதிதாக எழுதியதும் இருக்கிறது. முதல் வரி இப்படி: 'இந்த விதியை எழுதிய டாக்டர் நாகஜோதி இருபதாம் நாள் இதை மீறினாள். பால்ச்சாமி என்பவர் இறந்தார்.' பேர் போடவேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். பேர் கேட்காததால்தானே இவ்வளவும். போட்டுவிட்டேன்.

நீ நன்றாகச் சாப்பிடு. எனக்காக வயிற்றைக் காயப்போடாதே.

உன் அக்கா,
நாகஜோதி

*

முகாமிலிருந்து
25.5.2025

அருமை அக்காவுக்கு,

வணக்கம். இங்கே பனி உருக ஆரம்பித்துவிட்டது. அடுத்த மாதம் கீழே இறங்குவோம்.

உன் கடிதத்தைக் கொடுத்தேன். தங்கச்சாமி அண்ணன் வெளியே போய் நின்று படித்தார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், "உனக்கு எப்பலே தெரியும்?" என்றார். ஏப்ரலில் என்றேன். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துக் கூடாரத்துக்குப் போய்விட்டார். நாலு நாள் பேச்சில்லை.

ஐந்தாம் நாள் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"உங்க அக்காவ மன்னிக்கிறதெல்லாம் எனக்குத் தெரியாதுலே. அப்பாவ நெனச்சா முடியல. பழத்த வேணும்னா வச்சுக்கிடட்டும், வேண்டாம்னா தூரப் போடட்டும். ஆனா அந்தப் பொம்பள வாசல்ல எங்கம்மா போட்ட மண்ணு கெடக்கக் கூடாது. அப்பா கேட்டா ஏசுவாரு. அம்மாவுக்கு எழுதிட்டேன்."

அவ்வளவுதான். படுக்கை இன்னும் பக்கத்துக் கூடாரத்தில்தான் இருக்கிறது. ரசம் மட்டும் எனக்கு ஒரு டம்ளர் வருகிறது, வேறு ஆள் கையில்.

உன் தம்பி,
பாண்டிதுரை

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
22.6.2025

அன்புத் தம்பிக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம். நீ கீழே இறங்குகிற சேதி கேட்டு அம்மா உனக்குப் போர்வை வாங்கி வைத்திருக்கிறாள், இந்த வெயிலில்.

விசாரணை நடக்கிறது. இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். முடிவு தெரியவில்லை.

புதிய டூட்டி டாக்டர்கள் வந்துவிட்டார்கள். நோட்டை ஆளுக்கொன்று படி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பதினோராம் பக்கத்தைப் படித்துவிட்டு என் மேஜையைக் கடக்கும்போது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். முதலில் சுருக்கென்றது. இப்போது, பார்க்கட்டும் பார்க்காமல் போகட்டும், படித்தால் சரி என்று ஆகிவிட்டது.

இருளம்மாள் புதுப்பட்டிக்குப் போயிருக்கிறார். மருந்து வாங்க வந்த வைகுண்டராஜ்தான் சொன்னார். விளக்குமாற்றை எடுத்துவரச் சொல்லாமல் தானே மூலையிலிருந்து எடுத்து, அந்த மண்ணைக் கூட்டி, முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாராம். இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. போகும்போது வேலுத்தாய் ஒரு செம்பு தண்ணீர் நீட்டியிருக்கிறாள். வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனாராம்.

என் வாசலுக்கு யாரும் வரவில்லை. வரவேண்டியதும் இல்லை. ஆண்கள் வார்டைக் கடக்கும்போது 'நீங்க ராசபாளையமா' என்ற அந்தக் குரல் இன்னும் காதில் விழுகிறது. யார் கூப்பிட்டாலும் நின்றுவிடுகிறேன். 'வாரேன்' என்று சொல்வதில்லை. பழ டப்பா பீரோவில்தான் இருக்கிறது. அதை நான் தூரப் போடமாட்டேன், தின்னவும் மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை வேலுத்தாய் புருஷனோடு ஓ.பி.க்கு வந்தாள். அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டியிருந்தது. ஜெபின் என்று புது டாக்டர், மீசை சரியாக முளைக்காத பையன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் அவளைத்தான் பார்த்தான். "பேரென்னம்மா?"

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதோ கத்தப்போகிறாள், வரிசை முழுக்கத் திரும்பப்போகிறது என்று தோள் சுருங்கியது.

அவள் கத்தவில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் எப்பிடிச் சொல்லுவேன்? அவுககிட்டயே கேளுங்க" என்றாள்.

ஜெபின் வெட்கப்பட்டுக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரியவர் முகத்தைப் பார்த்துக் கேட்டான். அவர் சொன்னார். வேலுத்தாய் திரும்பி என் மேஜையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. நானும் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

லீவு கிடைத்ததும் வா. முதலில் தங்கச்சாமி அண்ணனோடு கான்சாபுரம் போய்விட்டு, பிறகு நம் வீட்டுக்கு வா.

உன் அக்கா,
நாகஜோதி